தீட்டாமல் வந்த குத்தூசி

எஸ்கில்ஸ்டூனா, சுவீடன்,
தொடங்கியது மே 4. முடித்த தேதியைக் கடைசியில் போடுகிறேன்.

அன்பு மகள் சிக்னேவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அந்தச் சுகத்தில் அவள் பங்கு சற்று அதிகம், என் பங்கு சற்றுக் குறைவு, கூட்டி இரண்டால் வகுத்தால் சரியாகத்தான் வருகிறது. அங்கே ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் நீயும் உன் கணவன் கெல்வினும் உங்கள் ஆடுகளும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே பிர்ச் மரங்கள் எலிக்காது அளவுக்கு இலை விட்டுவிட்டன, அம்மா வாசலில் நாற்காலியைப் போட்டு வெயிலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு காபி குடிக்கிறாள். நான் கம்பளிச் சட்டையைக் கழற்றுகிற வாரத்தில் நீ எடுத்துப் போட்டுக்கொள்கிறேன் என்கிறாயே, பன்னிரண்டு வருடமாக இது எனக்குப் பிடிபடவில்லை. எழுத்து கோழி கிளறினதுபோல் இருக்கிறதே என்று பயப்படாதே. வலது கையால்தான் எழுதுகிறேன், பிசியோதெரபிப் பெண் தினமும் ஒரு பக்கமாவது எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறாள், அதனால் இது ஒரு நாளில் எழுதிய கடிதம் அல்ல. நடுவில் மையின் நிறம் மாறினால் நாள் மாறியது என்று வைத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் இரண்டு கேள்வி வந்தன. முதலில் கெல்வின் கேட்டான், தானும் பொழுதுபோக்காகத் தோல்வேலை தொடங்கப் போவதாகவும் கைக்கருவிகள் வாங்க வேண்டும் என்றும், எது நல்ல கருவி, எப்படித் தேர்ந்தெடுப்பது என்றும். பிறகு நீ போனை வாங்கி, கை எப்படி இருக்கிறது அப்பா, நிஜத்தைச் சொல்லுங்கள் என்றாய். நான் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேசினேன். மழையே பெய்யவில்லை. அம்மா பக்கத்தில் நின்று என்னை முறைத்த முறைப்பு உன் ஊர் வரைக்கும் தெரிந்திருக்க வேண்டும். போனை வைத்ததும், "சொல்றதுக்கு வாய் வரலைன்னா எழுது ஹோல்கர், கைதான் வருதே," என்று தாளை எடுத்து முன்னால் போட்டாள். ஜனவரியில் பக்கவாதம் வந்ததிலிருந்து இந்த வீட்டில் பெரிய விஷயம் ஒன்றே ஒன்றுதான், என் வலது கை திரும்பி வருமா வராதா. கருவியைப் பற்றிய கேள்வியும் கையைப் பற்றிய கேள்வியும் எனக்குள் ஒன்றோடு ஒன்று சிக்கிக் கிடக்கின்றன, எங்கே இழுத்தாலும் முடிச்சு இறுகுகிறது. நடந்த வரிசையில் சொல்லிப் பார்க்கிறேன்.

தொழிற்சாலையில் நான் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். உளியும் கத்தியும் பெட்டிக்குள் போவதற்கு முன்னால் கடைசியாக நிற்கிற ஆள் நான். முப்பத்தொரு வருடம், கருவியின் கூர்வாயைக் கட்டைவிரலால் குறுக்கே தடவிப் பார்ப்பேன், விரலைப் பிடித்து இழுத்தால் பெட்டிக்குள், வழுக்கினால் திரும்பவும் சாணைக்கு. கண் பார்க்காததை அந்த விரல் பார்க்கும். கிறிஸ்துமஸ் மரத்தை வெளியே தூக்கிப் போட்ட மறுநாள் காலையில் பக்கவாதம் வந்தது, பேச்சு ஒரு வாரத்தில் திரும்பியது, கால் ஒரு மாதத்தில் திரும்பியது, கையும் மடங்கி நீளத் தொடங்கியது. கட்டைவிரல் மட்டும் ஆடுகிறது, அசைகிறது, ஆனால் அதில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. சூடு தெரியாது, குளிர் தெரியாது, மரக்கட்டை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை சிக்னே. உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தப் பிசியோதெரபிப் பெண் என்னைக் கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு விரலாகக் குண்டூசியால் தொட்டாள், தெரிந்தால் "ம்" சொல்ல வேண்டும். தொடுவதற்கு முன்னால் அவள் லேசாக மூச்சை இழுப்பாள். நான் அந்த மூச்சைக் கேட்டு "ம்" சொன்னேன். பத்துக்குப் பத்து என்று எழுதிக்கொண்டாள். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. விரல் செத்துப்போனது என்று ஒரு தாளில் யாராவது எழுதிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு பயம்.

கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் அம்மா என்னைக் கேட்காமலே நூலகத்துக்கு மேல்மாடியில் செவ்வாய்க்கிழமை காலையில் நடக்கிற தோல்வேலை வட்டத்தில் பெயர் கொடுத்துவிட்டாள். மண்பாண்ட வட்டத்தில் இடம் இல்லை, பாட்டு வட்டத்தில் என்னைச் சேர்த்தால் அந்த வட்டமே கலைந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். வட்டத்தை நடத்துகிறவள் யெர்டா, நாற்பது வயதுக்காரி, குதிரைச் சேணம் தைத்துப் பழகியவள், வார்த்தையை எண்ணிப் பேசுவாள். அங்கே போனால் ஸ்டூரே உட்கார்ந்திருக்கிறான். நம் தொழிற்சாலையில் சாணைப் பிரிவில் இருந்தானே, கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, அவன்தான். என்னைப் பார்த்ததும், "வந்துட்டான்யா வாத்தியான், இனி நம்ம தையலையும் திருப்பி அனுப்புவான்," என்று எல்லார் முன்னாலும் கூவினான். அவன் தீட்டின உளியை நான் எத்தனை முறை திருப்பி அனுப்பியிருப்பேனோ, அவன் ஒன்றைக்கூட மறக்கவில்லை. முதல் மூன்று வாரம் யெர்டா எங்களுக்கு முன்பே துளை போட்ட தோலைக் கொடுத்தாள், மெழுகு நூலை இரண்டு ஊசியில் கோத்து இரண்டு பக்கமும் மாறி மாறி இழுக்க வேண்டும், அவ்வளவுதான். என் தையல் குடிகாரன் வீட்டுக்குப் போகிற வழிபோல் போயிற்று. நான் ஊசியைக் குறை சொன்னேன், நூலைக் குறை சொன்னேன், ஊருக்கெல்லாம் பொதுவான பெட்டியில் இருந்து எடுத்த கருவியை வைத்து எவன் ஒழுங்காகத் தைப்பான் என்று கேட்டேன். எனக்கு நானே சொந்தமாகக் கருவி வாங்கிக்கொள்கிறேன், தரமானதாக, என்று அறிவித்தேன்.

இங்கேதான் கெல்வினின் கேள்வி வருகிறது, அவனுக்கு மொழிபெயர்த்துச் சொல். நான் அம்மாவின் டேப்லெட்டில் மூன்று நாள் வீடியோவாகப் பார்த்தேன், தலை சுற்றியதுதான் மிச்சம். ஒரு தாடிக்காரன், முதலில் மலிவானதை வாங்கு, கை பழகியபின் நல்லதை வாங்கு என்கிறான். இன்னொருவன், மலிவானதை வாங்கினால் கை தப்பாகப் பழகிவிடும், முதலிலேயே நல்லதை வாங்கு என்கிறான். ஒரு பெண், புதிது எதுவுமே வேண்டாம், பழைய சாமான் சந்தையில் கிடைக்கிற பழைய எஃகுதான் எஃகு என்கிறாள். மூன்று பேரும் பேசும்போது மூன்று பேரும் சொல்வது சரி என்றுதான் எனக்குத் தோன்றியது. ஸ்டூரே எதையும் பார்க்காமல் ஜிப் வைத்த பைக்குள் நாற்பத்திரண்டு கருவி அடங்கிய செட் ஒன்றை வரவழைத்துவிட்டான். அதில் இருந்த கத்தியைப் பார்த்து, இதால் வெண்ணெயை வெட்டினால் வெண்ணெய் சிரிக்கும் என்றேன். யெர்டாவிடம் கேட்டதற்கு, "தொடக்கத்துக்கு நாலு போதும். வெட்டக் கத்தி, துளைக்கக் குத்தூசி, ஓரம் சீவ ஒண்ணு, தட்டக் கொட்டாப்புளி. கைப்பிடி உங்க உள்ளங்கைக்குப் பொருந்துதான்னு பாருங்க. குத்தூசி வந்ததும் முதல்ல..." என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தபோது நான் குறுக்கே புகுந்து, எஃகுக்குப் பேர்போன எஸ்கில்ஸ்டூனாக்காரனுக்கு எஃகைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம் என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுக் காபி ஊற்றப் போய்விட்டாள். அந்த வாக்கியத்தை அவளை முடிக்க விட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

மார்ச் நடுவில் அம்மாவோடு பழைய சாமான் சந்தைக்குப் போனேன். அவள் பன் விற்கிற மேஜைப் பக்கம் நின்றாள், நான் கருவிகள் கிடந்த மேஜைக்குப் போனேன். பிறை வடிவத்தில் ஒரு பழைய தோல்கத்தி, கைப்பிடியில் யாரோ ஒருவரின் இரண்டு எழுத்துகள் குத்தியிருந்தன. பழக்க தோஷம், எடுத்து அதன் கூர்வாயில் வலது கட்டைவிரலை ஓட்டி, தெரிந்தவன்போல் தலையை ஆட்டினேன். ஒன்றும் தெரியவில்லை, தெரியாது என்றும் எனக்குத் தெரியும், ஆனாலும் ஆட்டினேன். விற்கிற ஆள், "ஐயோ, ரத்தம்! ரத்தம்!" என்று கத்தினான். குனிந்து பார்த்தால் விரலிலிருந்து கத்தி வழியாகச் சொட்டுகிறது. தடித்த தோல், தொழிற்சாலைத் தோல், இதெல்லாம் உறைக்காது என்று அசடு வழிந்துவிட்டு, கத்தியை வாங்கிக்கொண்டு, விரலைக் கையுறைக்குள் ஒளித்துக்கொண்டேன். அம்மா பன்னை நீட்டினாள், இடது கையால் வாங்கினேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கட்டுப் போட்டேன்.

குத்தூசியை மட்டும் புதிதாக, நல்லதாக வாங்குவது என்று தீர்மானித்தேன். இங்கிலாந்தில் ஒரு சின்னப் பட்டறை, தலைமுறை தலைமுறையாகச் சேணக்காரர்களுக்குச் செய்து கொடுக்கிறவர்கள், ஊசி தனி, பிடி தனி. நான்கு பட்டை வைத்த ஊசி, கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, பேரிக்காய் மரத்தில் கைப்பிடி, நான் பிடியில் இறக்கி மாட்டியபோது கோணல் மாணல் இல்லாமல் நேராக நின்றது. அவ்வளவு அழகான ஒரு பொருளை நான் வேலையை விட்டபிறகு கையில் பிடித்ததில்லை. கட்டைவிரலால் முனையைத் தொட்டுப் பார்த்தேன், வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை, அதனால் என்ன, நல்ல பட்டறையின் பொருள் கூராகத்தான் வரும், எங்களிடமிருந்து மழுங்கலாக ஒன்று வெளியே போயிருந்தால் என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை, துளை போடாத தோல். முழங்கால்களுக்கு நடுவே மரக்கவ்வியை இடுக்கி, தோலை அதில் மாட்டி, ஊசியை வைத்து அழுத்தினேன். இறங்கவில்லை. இன்னும் அழுத்தினேன். தோலில் சின்னதாய் ஒரு பள்ளம் விழுந்தது, அவ்வளவுதான். நெற்றியில் வேர்த்தது. பக்கத்தில் ஸ்டூரே தன் ஜிப் பைக் குத்தூசியால் சரக் சரக் என்று இறக்கிக்கொண்டே போகிறான், நடுவில் என் பக்கம் திரும்பி, "என்ன ஹோல்கர், உன் ராஜா ஊசி ஓய்வு எடுக்குதா?" என்று ஒரு கேள்வி வேறு. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், கழிவறைக்குப் போவதாகச் சொல்லி எழுந்து, கோட்டைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு நடந்து வந்துவிட்டேன்.

வழியெல்லாம் ஒரே கணக்கு. மட்டமான ஊசி, ஸ்டூரேயின் கையில், இறங்குகிறது. உயர்ந்த ஊசி, என் கையில், இறங்கவில்லை. அப்படியானால் கோளாறு எங்கே இருக்கிறது? திருப்பித் திருப்பிப் போட்டாலும் கடைசியில் மிஞ்சியது என் கை ஒன்றுதான். உணர்ச்சி போனது எனக்குத் தெரியும், பலமாவது வந்துகொண்டிருக்கிறது என்றுதான் தினமும் ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டிருந்தேன், அதுவும் பொய் என்று அன்றைக்கு நினைத்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கை போச்சு என்று இரண்டே வார்த்தை சொன்னேன். மறுநாளிலிருந்து பயிற்சிக்குப் போகவில்லை, பந்தைத் தொடவில்லை, மூன்று வாரம் சன்னல் பக்கத்தில் உட்கார்ந்து எதிர்வீட்டுப் பூனை வேலி தாண்டுவதைப் பார்த்தேன். வியாழக்கிழமைப் பட்டாணி சூப்பைக்கூட இடது கையால் குடித்தேன், மேஜைவிரிப்பெல்லாம் சிந்தியது, அம்மா ஒன்றும் சொல்லாமல் துடைத்தாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அது எப்படிப்பட்ட வாரம் என்று உனக்கே தெரியும். ஏப்ரலில் ஒருநாள் ஸ்டூரே என் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தபோது, கருவிப்பெட்டியை எடுத்து அவன் கையில் வைத்து, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போ, எனக்கு வேண்டாம் என்றேன். அவன் ஏதோ கேலி பேச வாயெடுத்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

எட்டு நாள் கழித்து, புதன்கிழமை காலையில், கதவைத் தட்டாமல் சமையலறைக்குள் வந்து நின்றான். குத்தூசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான், சிரிப்பில் பேச்சு வரவில்லை. "டேய், நேத்து நான் இதால குத்திப் பாத்தேன்டா. நான்! நூத்துப் பத்து கிலோ! எம்பி எம்பி அழுத்துறேன், ஒரு மயிரிழை இறங்கல. யெர்டா வாங்கிப் பாத்துட்டு, இத யாரும் தீட்டவே இல்லையேங்கறா. இது அப்படித்தான் வருமாம், அந்த ஊர்ல கூராக்கி விக்கிற வழக்கமே கிடையாதாம், ஒவ்வொரு சேணக்காரனும் தன் கைக்கும் தன் தோலுக்கும் ஏத்த மாதிரி தானே தீட்டிக்குவானாம். வேற ஒருத்தன் தீட்டிக் குடுத்தா அவனுக்குக் கோவம் வருமாம். இதச் சொல்லத்தான் அன்னைக்கு வாயெடுத்தாளாம், நீ எஸ்கில்ஸ்டூனான்னு நெஞ்ச நிமித்தினியாம்!" என்று மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அப்படியானால் என் கை இல்லை. கை இல்லை, ஊசி! அம்மா காபிக் கெட்டிலோடு திரும்பி நின்று சிரிக்கத் தொடங்கினாள், மூன்று வாரத்தில் முதல் தடவையாக. அப்போது ஸ்டூரேயின் சிரிப்பு மட்டும் நின்றுபோயிற்று. என்னையே பார்த்தான். "ஆனா ஹோல்கர்," என்றான், மெதுவாக, அவனுக்கு மெதுவாகப் பேச வரும் என்றே எனக்கு அதுவரை தெரியாது, "நான் தீட்டின உளில ஒரு முடி அளவு மழுங்கல் இருந்தாலும் கண்ண மூடிக்கிட்டுக் கண்டுபிடிப்பியே. இது கரண்டிக் காம்பு மாதிரி இருக்கு. உன் வெரலுக்கா தெரியல?"

அம்மா கெட்டிலை அடுப்பில் வைத்தாள், தையல் கூடையிலிருந்து ஊசியை எடுத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்து, "கண்ண மூடு," என்றாள். மூடினேன். மூச்சுச் சத்தத்துக்காகக் காது கொடுத்தேன். உன் அம்மா மூச்சே விடவில்லை சிக்னே. சுவர்க் கடிகாரம் மட்டும் கேட்டது. வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது, குத்துமதிப்பாகவாவது சொல்லிவைப்போம் என்று "ம்" என்றேன். கண்ணைத் திறந்தால் ஊசி அவள் மடியில் கிடக்கிறது, என் விரலில் மூன்று இடத்தில் ரத்தம் துளிர்த்திருக்கிறது. ஸ்டூரே தொப்பியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போய்விட்டான். அவள் அழுவாள் என்று நினைத்தேன். திட்டினாள். "நாப்பத்தி நாலு வருஷம்! விறகடுப்புப் பத்தவைக்க உன்ன விட்டேன், கொதிக்கிற சட்டிய எறக்க உன்ன விட்டேன், கார் சாவியத் தர்றதா இருந்தேன்! கை வரலன்னா அது உன் தப்பு இல்ல ஹோல்கர், யாரும் உன்னக் கேக்கப் போறதில்ல. எனக்குத் தெரியாம வச்சுக்கிட்டியே, அதத்தான் என்னால தாங்க முடியல," என்றாள். நல்ல திட்டு. மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் என்னை நோயாளியாகப் பார்க்காமல் மனுஷனாகப் பார்த்துத் திட்டினாள். நான் மன்னிப்புக் கேட்டேன், பிறகு எனக்குத்தான் அழுகை வந்தது.

மறுநாள் அவளே என்னைப் பிசியோதெரபிப் பெண்ணிடம் இழுத்துப் போனாள், நான் மூச்சைக் கேட்டு ஏமாற்றியதை என் வாயாலேயே சொல்ல வைத்தாள். அந்தப் பெண்ணுக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் வந்தது, இனி யாரைச் சோதித்தாலும் மூச்சை அடக்கிக்கொள்கிறேன் என்றாள். பிடிபலம் பார்க்கிற கருவியைக் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னாள். முள் பிப்ரவரியில் நின்ற இடத்தைத் தாண்டி இரண்டு மடங்கு தூரம் போய் நின்றது. மூன்று வாரம் சோம்பியிருந்தும் அப்படி. பிறகு கண்ணைக் கட்டிவிட்டு விரல்களைச் சோதித்தாள், நான்கு விரல் தேறின, கட்டைவிரல் இல்லை. இனியும் வரலாம், ஆனால் காத்திருக்காதீர்கள், அது இல்லாமல் வாழப் பழகுங்கள், கண்ணால் பாருங்கள், அந்த விரலுக்கு ஏதாவது உறை போட்டுக் காப்பாற்றுங்கள் என்றாள். ஆக, வராது என்று நான் அழுத பலம் வந்துகொண்டே இருந்திருக்கிறது, வந்துவிட்டது என்று நான் எல்லாரிடமும் சொன்ன உணர்ச்சி வரவே இல்லை. இரண்டையும் தலைகீழாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். சந்தோஷப்படுவதா துக்கப்படுவதா என்று பேருந்து நிறுத்தத்தில் நின்று யோசித்தேன், பேருந்து வந்துவிட்டது.

குத்தூசியை நானே தீட்டினேன். அதில் மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நான்கு பட்டையையும் ஒவ்வொன்றாகச் சாணைக்கல்லில் வைத்து, கல்லின் சத்தம் மாறுகிற வரைக்கும் தேய்த்து, பிறகு தோல்வாரில் இழுத்து மெருகேற்றினேன். ஆனால் முடிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இடது கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தேன். அந்த விரலுக்கு வலி தெரிகிறது, ஆனால் ஊசி கூரா மழுங்கலா என்று ஒரு அபிப்பிராயமும் கிடையாது, முப்பத்தொரு வருடம் பக்கத்திலேயே இருந்தும் அது ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. கடைசியில் அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் விரலைப் பிடித்துப் பட்டையின் குறுக்கே வைத்து, இழுக்கிறதா வழுக்குகிறதா சொல் என்றேன். "வழுக்குது," என்றாள். திரும்பத் தீட்டினேன். "இப்பவும் வழுக்குது." மூன்றாவது முறை, "இழுக்குது, பூன நக்கினா மாதிரி இருக்கு," என்றாள். கவ்வியில் தோலை மாட்டி ஊசியை வைத்து அழுத்தினேன். போயிற்று. என் கையால், ஒரே அழுத்தில், மறுபக்கம் பளிச்சென்று முனை தெரிந்தது. நான் தைத்த முதல் பொருளைக் கேட்டால் சிரிப்பாய், ஒரு கட்டைவிரல் உறை. தையல் இன்னும் கோணல்தான், ஆனால் பிரியாது. ஏப்ரல் கடைசி நாள், வசந்தத்தை வரவேற்க வால்போரி நெருப்பு மூட்டிய மாலையில் அதைப் போட்டுக்கொண்டு எல்லார் நடுவிலும் நின்றேன், பார்த்தவர்கள் கேட்டார்கள், விரலில் உணர்ச்சி இல்லை, அதற்காக என்று சொன்னேன். ஊராரிடம் சொல்ல வந்தது, மூன்று நாள் கழித்துப் போனில் உன்னிடம் சொல்ல மட்டும் வரவில்லை. இது ஏன் என்றும் எனக்குப் புரியவில்லை.

கெல்வினுக்கு என்ன சொல்வது? விலை கொடுத்து வாங்கிய நல்ல ஊசி மழுங்கலாக வந்தது, ஜிப் பையில் வந்த மட்ட ஊசி கூராக வந்தது, அதன் முனை போன வாரம் ஸ்டூரே கையிலேயே வளைந்துபோனது, சந்தையில் வாங்கிய கிழட்டுக் கத்திதான் எல்லாவற்றிலும் கூர், அதற்கு என் விரலே சாட்சி. எது நல்ல கருவி என்று கேட்டால் முன்பு நான் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பேன், இப்போது குழப்பம்தான். நாலே நாலு வாங்கட்டும், கைப்பிடியைப் பிடித்துப் பார்த்து வாங்கட்டும், கூடவே ஒரு சாணைக்கல்லும் வாங்கட்டும், சொல்லித்தருகிறவர் வாக்கியத்தை முடிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருக்கட்டும். இவ்வளவுதான் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஒரு சந்தேகம் மட்டும் என்னை விடவே இல்லை, அதை உன்னிடம்தான் சொல்ல முடியும். அந்த முதல் நாளுக்குப் பிறகு நான் எதைத் தீட்டி நீட்டினாலும் உன் அம்மாவின் விரல், இழுக்குது, நல்லா இழுக்குது என்றே சொல்கிறது. ஒருமுறைகூட வழுக்குது என்று சொல்லவில்லை. நான் அவ்வளவு நன்றாகத் தீட்டுகிறேனா, அல்லது என் மனசு நோகக் கூடாது என்று சொல்கிறாளா? மூன்று மாதம் நான் அவளிடம் பொய் சொன்னேன், இப்போது அவள் என்னிடம் சொன்னால் கண்டுபிடிக்க எனக்கு விரல் இல்லை. மேலதிகாரியே சரி என்று சொன்ன உளியையும் மறுபடி என் விரலால் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் வைத்தவன் நான், முப்பத்தொரு வருடத்தில் இன்னொருவர் விரலை ஒருமுறைகூட நம்பியதில்லை. நேற்று ஓரம் சீவும் கருவியைத் தீட்டிக் கொடுத்தேன், தொட்டுப் பார்த்து இழுக்குது என்றாள், அவள் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன், பிறகு பார்க்காமலே கருவியைத் தோலில் வைத்துத் தள்ளினேன்.

நீயும் கெல்வினும் நோய் நொடி இல்லாமல், ஒருவரிடம் ஒருவர் எதையும் மறைக்காமல், நன்றாக இருங்கள். குளிர் முற்றுவதற்கு முன் உங்கள் அடுப்பின் புகைபோக்கியைக் கெல்வினைப் பார்க்கச் சொல்லு, மறந்துவிடாதே. வரும் ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது கை எப்படி இருக்கிறது என்று இன்னொரு முறை கேள். அம்மாவைக் கேட்காதே, என்னையே கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஹோல்கர்
மே 15, வெள்ளிக்கிழமை, மதியம்.